'ஹைப்ரிட் நேம்' - கலப்பினப் பெயரா, கலப்புத்தொகையா?

வணக்கம்.

ஆங்கிலத்தில் 'ஹைப்ரிட் நேம்' எனப்படும், இரண்டு மொழிச் சொற்கள் சேர்ந்த ஆட்பெயருக்குத் தமிழில் 'கலப்பினப் பெயர்' என்ற சொல் முன்வைக்கப்பட்டு, குல்னாஸ், ஷாநாஸ், பர்வீன் போன்றவை எடுத்துக்காட்டாகத் தரப்பட்டிருந்தன. அப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கலப்பினம் என்றாலே கறவை மாடும் சோள விதையும்தான் நினைவுக்கு வரும், அதைப் போய் ஒரு பெண்ணின் பெயருக்குச் சொல்வதா? சரி, 'இருமொழித்தொகை'? இலக்கணத்தில் மொழி என்றால் சொல்லும்தானே (தனிமொழி, தொடர்மொழி), அப்படிப் பார்த்தால் 'மலர்க்கொடி'கூட இருமொழித்தொகை ஆகிவிடும்.

கலப்புத்தொகை என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மெஹ்ருன்னிசா என்ற பெண்பெயரையே எடுத்துக்கொள்வோம். 'மிஹ்ர்' பாரசீகம், ஞாயிறு, அன்பு என இரண்டு பொருளும் உண்டு. பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவின் மித்ர என்ற தெய்வப் பெயரிலிருந்து வந்தது, வேதத்து மித்திரனுக்கு உறவு, ஈரான் நாட்காட்டியின் 7ஆம் மாதத்துக்கு இன்றும் மெஹ்ர் என்றுதான் பெயர். 'நிசா' அரபு, பெண்கள். நடுவில் அரபுச் சுட்டான 'அல்' (ஆங்கில 'the' மாதிரி) உருமாறி நிற்கிறது: அதன் அகரம் கெட்டு, நகரத்துக்கு முன்னால் லகரம் 'ன்' ஆகிவிட்டது, நம்முடைய நல் + நாள் நன்னாள் ஆகிற மாதிரியே! 'மிஹ்ரு' என்பதன் உகரம்கூட அரபு எழுவாய் ஈறு. அதாவது முதற்சொல் மட்டும்தான் பாரசீகம், சேர்த்துக் கட்டிய முறை முழுக்க அரபு. பொருள்: பெண்களின் ஞாயிறு.

இந்தப் பெயரோடு 1577இல் கந்தஹாரில் பிறந்தவர் 1611இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரை மணந்தார். முதலில் நூர் மஹல் ஆனார், 1616இல் நூர்ஜஹான். இதிலும் வேடிக்கை பாருங்கள், நூர் அரபு, ஜஹான் பாரசீகம், பிறந்த பெயருக்கு நேர் தலைகீழ். ஒரே பெண்ணுக்கு இரண்டு கலப்புத்தொகை.

தொகை என்றால் நடுவில் வரும் உருபு மறைந்திருக்க வேண்டும், வெளிப்பட்டு நின்றால் அது விரி; 'அல்' வெளிப்படையாக இருக்கும்போது அது எப்படித் தொகை ஆகும், விரி அல்லவா என்று யாராவது கேட்கலாம். அரபு இலக்கணப்படி நியாயமான கேள்விதான். ஆனால் மெகருன்னிசா, மெஹர்னிஷா என்று நம் ஊரில் எழுதுகிறவர்கள் யாருக்கும் அந்தச் சுட்டு காதில் விழுவதில்லை, ஒரே சொல்லாகத்தான் புழங்குகிறது. கலைச்சொல்லுக்கு அது போதும்.

அப்புறம், கலப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட குல்னாஸ் (பூ + ஒயில்), ஷாநாஸ் (அரசன் + ஒயில்) இரண்டும் முழுக்கப் பாரசீகம். பர்வீன் தனிச்சொல், கார்த்திகை விண்மீன் கூட்டம். மூன்றையும் இந்தத் தலைப்பிலிருந்து எடுத்துவிடலாம்.