கோவிலுக்குப் போகும் ஒற்றையடிப்பாதையை வேலி போட்டு அடைத்தால் யாரைக் கேட்பது?

தேரிமணல்:
திசையன்விளைப் பக்கம் எங்கள் ஊர். கிறிஸ்தவ தேவாலயத்தை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம், அது இருப்பது அடுத்த ஊரில். பனைக்காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப்பாதை உண்டு, முதல் மணி அடித்ததும் கிளம்பினால் இரண்டாம் மணிக்குள் கோவில் வாசலில் நிற்கலாம். போன மாதம் அந்தக் காட்டை வாங்கிய வெளியூர்க்காரர் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். இப்போது தார் ரோட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டர். அம்மா இரண்டு ஞாயிறாக ஆராதனைக்குப் போகவில்லை. சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசன பண்டிகை வேறு வருகிறது.

பட்டாதாரர்:
நான் வேலி போட்டவர் பக்கம். என் தோட்டத்திலும் இப்படித்தான் "நடந்துதானே போகிறோம்" என்றார்கள், அப்புறம் பைக், அப்புறம் லோடு ஆட்டோ, கடைசியில் பொதுவழி என்று தாலுகா ஆபீஸில் மனு. காசு கொடுத்து வாங்கியவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? மிஷனரி கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து இடையன்குடிக்கு நடந்தே வந்தார், உங்களுக்கு மூன்று கிலோமீட்டர் கஷ்டமா?

தேரிமணல்:
அண்ணாச்சி, அப்போது அவருக்கு வயது 27. அம்மாவுக்கு 71. வழியில் அவருக்கு யாரும் கம்பி கட்டவும் இல்லை.

சர்வேகல்:
சண்டையை விடுங்கள், முதலில் எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடம் எடுத்து அதில் பாதை காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவு இருக்கிறது: 20 வருடம் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், உரிமையோடு நடந்திருந்தால் வழி உங்களுடையது. ஆனால் பழைய சொந்தக்காரர் "போய்க்கோ" என்று விட்டதால் நடந்தீர்கள் என்றால் அது உரிமையில் சேராது, எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். இன்னொன்று, வேலியைப் பார்த்த பிறகும் ஒரு வருடம் பேசாமல் இருந்தால் வழக்கு கெட்டுவிடும். இன்றைக்கே எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள்.

தேரிமணல்:
யாரிடமும் யாரும் அனுமதி கேட்டதில்லை. என் தாத்தா காலத்தில் பாதையோரம் விடிலிக் குடிசையில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருப்பார்கள், கோவிலுக்குப் போகிற பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பதநீர் ஊற்றுவார்கள். அந்த மாதிரிப் பாதை.

கிழக்குத்தெரு:
பதநீர் கதை நன்றாகத்தான் இருக்கிறது. நான் வேறு ஊர். எங்கள் ஊர்க் கோவிலுக்கும் அழகான பாதை ஒன்று உண்டு, எங்கள் தெருச் சவம் மட்டும் அதில் வரக் கூடாது, குளத்தைச் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். என் பாட்டியை அப்படித்தான் மழையில் தூக்கிக்கொண்டு போனோம். வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டை மாதிரிக் கோவிலையே 1872இல் கட்டினார்கள், நடுச்சுவரை இடிக்க 1910 ஆனது. பழைய பாதை என்றதும் உருகுகிறவர்கள், அதில் யார் நடந்தார்கள், யார் நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பட்டாதாரர்:
அவர் கேட்டது வேலியைப் பற்றி. இங்கே எதற்குச் சாதி?

கிழக்குத்தெரு:
இரண்டுமே வழியை அடைக்கிற வேலைதான். கம்பி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பட்டாதாரர்:
சரி, ஒரு யோசனை. நிலத்துக்கு நடுவே வழி கேட்டால் யாரும் தர மாட்டார்கள். எல்லையோரமாக நாலடி விடச் சொல்லிக் கேளுங்கள், பைக் நுழையாதபடி இரண்டு முனையிலும் கல் நட்டுக்கொள்ளட்டும். நானாக இருந்தால் ஒத்துக்கொள்வேன்.

தேரிமணல்:
நாலடி காணாது அண்ணாச்சி. சவப்பெட்டியைத் தூக்கினால் இரண்டு பக்கமும் ஆள் நடக்க வேண்டும், ஆறடியாவது வேண்டும்.

கிழக்குத்தெரு:
எல்லாத் தெருப் பெட்டியும் அதில் போகுமா?

தேரிமணல்:
எங்கள் ஊரில் இதுவரை அப்படித் தடுத்ததாக நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்ட பிறகு அம்மாவிடம் விசாரித்தேன், "தெற்குத் தெருக்காரர்கள் ரோட்டு வழியாகத்தான் வருவார்கள்" என்றாள். ஏன் என்றேன், பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டத்தில் மனு எழுதப் போகிறோம், முதலில் தெற்குத் தெருவுக்குப் போய் அவர்களிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.