ஸ்பிட்ஃபயர் மார்க் 3: ஃபயர் வாலில் இருக்கும் இந்த ஓட்டைகளை மூடலாமா?

கேள்வி: அல்சூர் ஸ்பிட்ஃபயர்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது, வலது கை ஸ்டீயரிங். பெங்களூர் சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு ஷெட்டில், பழைய பெயின்ட் எல்லாம் போய் வெறும் தகடாக நிற்கிறது. இப்படி நிற்கும்போதுதான் இந்த பாடியில் இத்தனை ஓட்டைகள் இருப்பதே கண்ணில் படுகிறது. பெயின்ட் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை என்பதால் இப்போதே கேட்கிறேன்.

முதலில் ஃபயர் வால், அதாவது எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர். பெடல்கள் வலப்பக்கம் இருக்கின்றன, சரி. இடப்பக்கத்திலும், பக்கத்தில் உட்காருபவர் கால் நீட்டும் இடத்துக்கு நேரே, அதே அளவில் ஒரு திறப்பு இருக்கிறது. அதன் மேல் ஒரு தகட்டை வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். பின்னால் யாரோ ஒட்டவைத்த வேலையாகத் தெரியவில்லை. விளிம்பெல்லாம் அச்சில் அடித்தது, மிகச் சுத்தமாக இருக்கிறது.

அடுத்தது, சீட்டுக்குப் பக்கத்தில் தரையிலும் பின் சக்கர வளைவிலும் மரை போட்ட ஓட்டைகள். எதுவும் அதில் மாட்டியிருக்கவில்லை. ஹூட், அதாவது துணிக் கூரை, மடியும் இடத்தை ஒட்டியும் சிறியதாகச் சில உண்டு. தரையில் ரப்பர் மூடி போட்ட வட்ட ஓட்டைகள் வேறு, ஸில் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம்) அடியில் நீள்வாக்கில் சின்னச் சின்ன இடைவெளிகள் வேறு. கடைசியாக, பானட்டில் இரண்டு சக்கரத்துக்கும் மேலே முன்பின்னாக ஓடும் ஒரு மேடு.

டிங்கர் நல்ல கைக்காரர். ஓட்டை எல்லாவற்றையும் வெல்ட் வைத்து மூடி, மேட்டைத் தேய்த்து பட்டி வைத்துச் சமமாக்கித் தருகிறேன், தண்ணீரும் ஏறாது துருவும் பிடிக்காது என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ட்ரையம்ஃப் தொழிற்சாலை இருந்த கோவென்ட்ரியில் காரணமில்லாமல் யாரும் இத்தனை ஓட்டை போட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரியாமல் ஒன்றையும் மூட விடப்போவதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஹெரால்ட் ஜெயநகர்

தம்பி, வெல்டிங் செட்டை முதலில் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டிக்கு அப்பன் ட்ரையம்ஃப் ஹெரால்ட் கார். 1961 முதல் நம் ஸ்டாண்டர்ட் மோட்டார் மெட்ராஸில் தயாரித்தார்களே, அதே ஹெரால்ட். அதன் சேஸியில் சக்கர இடைவெளியை 91.5 அங்குலத்திலிருந்து 83 ஆகக் குறைத்துத்தான் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கேலோட்டி. கையில் பணமில்லாத கம்பெனி ட்ரையம்ஃப். ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரி வண்டியே தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் லேலண்ட் அந்தக் கம்பெனியை வாங்கிய பிறகுதான் அதைக் கண்டெடுத்து, 1962இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் இடப்பக்கத் திறப்புக்குக் காரணம் அந்தச் சிக்கனம்தான். ஸ்பிட்ஃபயரின் பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே இடது கை ஸ்டீயரிங். இரண்டு நாட்டுக்கும் தனித்தனி டை (தகடு அடிக்கும் அச்சு) செய்யக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே ஃபயர் வால், இரண்டு பக்கமும் பெடலுக்கு இடம், வேண்டாத பக்கத்துக்கு ஒரு மூடித் தகடு. உங்கள் டேஷ்போர்டைப் பாருங்கள், மீட்டர்கள் ஓட்டுநர் முன்னால் இல்லாமல் நடுவில் இருக்கும். அதற்கும் இதே காரணம். கமிஷன் நம்பர், அதாவது வண்டியின் தொழிற்சாலை வரிசை எண், எஃப்.டி என்று தொடங்கி, கடைசியில் எல் என்ற எழுத்து இல்லாமல் இருந்தால் உங்கள் வண்டி வலது கையாகவே பிறந்தது என்று அர்த்தம். அந்தத் தகட்டைக் கழற்றி, துரு எடுத்து, புது ஸீலன்ட் வைத்து அதே ஸ்க்ரூவில் மாட்டினால் போதும்.

பானட் மேடு இரண்டு தகடு சேரும் இடம். மார்க் 1 முதல் 3 வரை அப்படித்தான். 1970இல் மார்க் 4 வந்தபோதுதான் அதை எடுத்தார்கள். அதைத் தேய்த்துவிட்டால் உங்கள் வண்டி முகமே மாறிவிடும், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஸில் அடி இடைவெளி மிக முக்கியம். ஹெரால்ட் சேஸியில் இரு ஓரமும் ஓடும் சட்டம் ஸ்பிட்ஃபயரில் கிடையாது. அந்த பலத்தை ஸில்தான் தாங்குகிறது. உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அடைத்தால் பெங்களூர் மழைக்கு உள்ளிருந்தே தின்றுவிடும். ஸில் வெட்ட வேண்டி வந்தால் கதவு வாய்க்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்ட் செய்துகொண்டு பிறகு வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கதவு மறுபடி பொருந்தாது.

பதில்: பீன்யா டூல்ரூம்

நான் பீன்யாவில் பிரஸ் டூல் வேலையில் இருக்கிறேன். தரை ஓட்டைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தகடுகளை ஸ்பாட் வெல்டிங் செய்வதற்கு முன் ஜிக்கில், அதாவது அவற்றைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் சட்டத்தில், உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொரு தகடும் நகராமல் நிற்க ஊசி (பின்) நுழையும் ஓட்டை தேவை. அப்புறம் பாடியைக் கழுவி ப்ரைமர் ஏற்றும்போது பள்ளத்தில் தேங்குவது வடியவும் ஓட்டை வேண்டும். வேலை முடிந்ததும் ரப்பர் மூடி போட்டுவிடுவார்கள். மூடாமல் விட்ட ஓட்டை என்றால் பெரும்பாலும் தண்ணீர் வடிவதற்காக வேண்டுமென்றே விட்டது.

மரை ஓட்டைக்கு ஒரு சோதனை இருக்கிறது. 7/16 அங்குல யூ.என்.எஃப் போல்ட், அங்குலத்துக்கு 20 மரை, ஒன்று வாங்கிக் கையால் முறுக்கிப் பாருங்கள். கடித்தால் அது சீட் பெல்ட் மாட்டும் இடம். பெல்ட் போல்ட்டின் அளவு பெரும்பாலான வண்டிகளில் அதுதான். அப்படி என்றால் கட்டாயம் பெல்ட் மாட்டுங்கள் சார், தலைக்கு மேல் கூரை இல்லாத வண்டி. ஹூட் பக்கம் இருக்கும் சின்ன ஓட்டைகள் ஹார்ட் டாப்புக்கு. அது ஃபேக்டரி ஆப்ஷன், பின்பக்கம் போல்ட்டில்தான் நிற்கும்.

கேட்டவர்: அல்சூர் ஸ்பிட்ஃபயர்

இருவருக்கும் நன்றி. ஜே.சி. ரோட்டில் போல்ட் வாங்கி முறுக்கிப் பார்த்தேன். தரையிலும் சக்கர வளைவிலும் இருக்கும் எல்லாவற்றிலும் வெண்ணெய் போல இறங்கியது. கமிஷன் நம்பரில் எல் இல்லை. டிங்கரிடம் நடு மீட்டரையும் மூடித் தகட்டையும் சேர்த்துக் காட்டினேன், உடனே புரிந்துகொண்டார். மரைக்குள் பெயின்ட் போகாமல் பழைய போல்ட் வைத்து அடைத்துவிடலாம் என்று அவரே சொன்னார். பானட் மேட்டைச் சுற்றி டேப் ஒட்டியாகிவிட்டது.

இனி தரைக்கு ரப்பர் மூடிகள்தான் பாக்கி. ஜே.சி. ரோட்டில் கிடைப்பதெல்லாம் மாருதி அளவு, விளிம்பு தடிமன் பொருந்தவில்லை. ஹெரால்ட் மூடி இதற்குச் சேருமா ஐயா? சேரும் என்றால் இந்த ஞாயிறு ஜெயநகர் வந்து ஒன்றை அளந்துகொள்கிறேன்.

பதில்: ஹெரால்ட் ஜெயநகர்

வாருங்கள். வெர்னியரும் உங்கள் பழைய மூடி ஒன்றும் கொண்டுவாருங்கள். என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.