இரண்டாவது வீடு வாங்கலாமா? கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வாடகைக்கு விட்டிருக்கும் சின்ன வீடு ஒன்று இருக்கிறது, அதன் கடனே இன்னும் பாதி பாக்கி. இப்போது இன்னொன்று பார்த்திருக்கிறேன். மாதத் தவணை போக வாடகையில் கொஞ்சம் மிஞ்சும் என்று கணக்கு வருகிறது, ஆனால் முதல் வீட்டுக்கும் காகிதத்தில் இப்படித்தான் மிஞ்சியது, அப்புறம் ஒரே ஒரு மாதம் காலியாகக் கிடந்ததில் வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது, அதோடு குழாய் வேலை, வரி, காப்பீடு வேறு.

பழுதுக்கும் காலி மாதங்களுக்கும் வாடகையில் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்? வட்டி மாறும் கடன், 2 சதவீதம் ஏறினால் கையிலிருந்துதான் போட வேண்டியிருக்கும். முதல் கடனை முடிப்பதா, முன்பணத்தை இன்னும் சேர்ப்பதா? "நிலம் என்றைக்கும் ஏறும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைத் தரகரே தினமும் சொல்கிறார்.