மறுமொழி: மண்ணுக்குள் இறங்கும் வேட்டைநாய்க்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

விலங்குகளின் வளைக்குள் இறங்கி வேட்டையாடும் டக்ஸ்ஹுண்ட், டெரியர் போன்ற நாய்களுக்குப் பொதுவான தமிழ்ச்சொல்லாக நம் குழுவின் அண்ணா ஒருவர் முன்வைத்த 'குட்டைக்கால் வேட்டைநாய்' பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. பாசெட் ஹவுண்டுக்கும் கால் குட்டைதான், ஆனால் அது முயலின் மோப்பத்தைப் பிடித்துத் தரைக்கு மேலே போகிற நாய். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜோன் ரசல் என்ற பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த டெரியரோ, குதிரைகளோடு ஓடிவர வேண்டியிருந்ததால் நீண்ட காலோடு இருந்தது. அதுதான் நரியின் வளைக்குள் இறங்கியது. ஆக, காலை வைத்துப் பெயரிட்டால் வேறு நாய் உள்ளே வந்துவிடும், வரவேண்டிய நாய் வெளியே நின்றுவிடும்.

டக்ஸ்ஹுண்ட் என்ற இனத்தின் பெயரை அப்படியே வைத்துக்கொள்வோம். ஜேர்மன் மொழியில் டக்ஸ் என்றால் வளைக்கரடி (ஆங்கிலத்தில் பாட்ஜர்), ஹுண்ட் என்றால் நாய். வளைக்கரடி இலங்கையிலேயே இல்லை. அதைத் தமிழாக்கி நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை. நமக்குச் சொல் வேண்டியது இந்த நாயும் டெரியர்களும் செய்கிற தொழிலுக்கு.

அந்தத் தொழிலை அறிந்தால்தான் உடம்பு புரியும். வளைக்கரடி பத்துக் கிலோவுக்கு மேல் வரக்கூடிய, நகமும் பல்லும் பலமான விலங்கு. அதன் வளைக்குள் சுமார் 9 கிலோ எடையுள்ள நாய் தனியே இறங்கி, இருட்டில், திரும்பவும் இடமில்லாத சுரங்கத்தில் அதை எதிர்கொள்கிறது. அதற்காகத்தான் நீண்டு ஒடுங்கிய உடம்பு, மண்ணைப் பறிக்கும் முன்னங்கால், மூச்சுக்கு இடம் கொடுக்கும் ஆழமான நெஞ்சு. உருவத்துக்குப் பொருந்தாத கனத்த குரலும் அதற்காகத்தான்: மேலே நிற்கும் வேட்டைக்காரர் குரைப்பைக் கேட்டு எந்த இடத்தில் தோண்டுவது என்று முடிவெடுப்பார். ஜேர்மன் முறையில் நெஞ்சின் சுற்றளவை நாடாவால் அளந்தே டக்ஸ்ஹுண்டை மூன்று அளவுகளாகப் பிரிக்கிறார்கள். மிகச் சிறியதன் ஜேர்மன் பெயரில் முயல் இருக்கிறது, முயல்வளைக்குள் நுழையும் அளவு என்பதால். டெரியர்காரர்களும் இரண்டு கைகளாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார்கள். வளையின் வாய்தான் இந்த நாய்களுக்கு அளவுகோல். (அந்த நீண்ட முதுகுக்கு நாய் கொடுக்கும் விலையும் பெரிது. முள்ளந்தண்டின் இடைத்தட்டு விலகிப் பின்னங்கால் இழுத்துப்போவது இந்த இனத்தில் அடிக்கடி வரும் நோய். வளர்ப்பவர்கள் தயவுசெய்து கட்டிலிலிருந்து குதிக்க விடாதீர்கள்.)

நாயினங்களை வகைப்படுத்துவதில் இவை எங்கே வருகின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். சர்வதேச நாயினக் கூட்டமைப்பு டெரியர்களை 3ஆம் பிரிவில் வைத்துவிட்டு, 4ஆம் பிரிவை டக்ஸ்ஹுண்டுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. அமெரிக்கர்கள் அதை ஹவுண்டுகள் என்ற வேட்டைநாய்ப் பிரிவோடு சேர்க்கிறார்கள். பிரிவு எங்கே போனாலும் தொழில் மாறவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். சின்ன வயதில் அப்பாவோடு வட்டைக்கு (வயல்வெளிக்கு) போனால் எங்கள் வீட்டு நாயும் கூடவே வரும். வரம்பில் எலிவளையைக் கண்டால் போதும், மண்ணைப் பறித்துத் தலையை உள்ளே விட்டுவிடும். தோள்வரைதான் போகும், மிச்சமெல்லாம் வெளியே வாலாட்டிக்கொண்டிருக்கும். அப்பா சொல்வார்: "வளைக்குள்ள பூரப் பாக்குது." அந்தப் 'பூருதல்' வேறெதுவும் இல்லை, நம் 'புகுதல்'தான். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இன்றும் நண்டுக்கும் எலிக்கும் உடும்புக்கும் இருப்பது வளை. இந்த இரண்டையும் சேர்த்து 'வளைபுகு நாய்' என்று முன்மொழிகிறேன்.

வரக்கூடிய மறுப்புகள் எனக்கும் தோன்றின. 'வளைநாய்' என்று சுருக்கினால் என்ன? சுருக்கக்கூடாது. நீர்நாய் நாய் அல்லவே, வளைக்கரடியின் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு. வளைநாயும் அப்படி ஏதோ காட்டு விலங்கென்றே கேட்கும். 'வளைவேட்டை' என்றால் சுற்றி வளைத்து வேட்டையாடுவது என்று பொருள் போய்விடும். ஐங்குறுநூற்றில் நண்டின் வளைக்கு 'அளை' என்றே வருகிறது, அழகான சொல். ஆனால் "சோற்றை அளையாதே" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'அளைபுகு நாய்' எதைக் காட்டும்? டெரியர் என்ற பெயர் பிரெஞ்சு மொழியில் மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பதால் 'மண்நாய்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மண்ணில் எல்லா நாயும் நடக்கிறது, புகுவது இது மட்டும்தான்.

'வளைபுகு நாய்' நிலைத்தால் துணைச்சொற்களும் சிரமமில்லாமல் வரும்: செயலுக்கு 'வளைபுகல்', உள்ளிருந்து இடம் காட்டிக் குரைப்பதற்கு 'வளைக்குரல்'. இரண்டாவதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, 'வளையல்' ஞாபகம் வருகிறது. அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து நண்பர்கள், வட்டைக்குப் போகிற பெரியவர்களிடம் நாய் வளைக்குள் தலையை விட்டுக் குரைப்பதற்குத் தனிச்சொல் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தால் என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.