தம்பி குளிசையை நிறுத்திவிட்டான், திரும்ப வருத்தம் வருமா?

மல்லாவிப் பிள்ளை:
தம்பிக்கு 24 வயது. போன வைகாசியில்தான் முதல் தடவை, காதுக்குள் ஆட்கள் கதைக்கிறார்கள் என்று வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்தான். மனநல வார்டில் மூன்று கிழமை இருந்து குளிசையோடு வந்தான், நல்லாகிவிட்டான். இப்போது நெல் வெட்டு நேரம், மெசினோடு மூட்டை கட்டப் போவதால் இரண்டு கிளினிக் தவறிவிட்டது. குளிசையும் போடுகிறான் இல்லை. நான்கு இரவாக லைட்டை அணைக்க விடுகிறான் இல்லை. அம்மா குளிசையை அரைத்துத் தேத்தண்ணிக்குள் கலப்போமா என்கிறா.

வவுனியாத் தாதி:
தங்கச்சி, கலக்க வேண்டாம். கண்டுபிடித்தால் பிறகு அம்மா கையால் சோறும் வாங்க மாட்டான், ஆட்களைச் சந்தேகப்பட வைக்கிற வருத்தம் இது. கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் நாளைக்கே மனநலப் பிரிவுக்குப் போங்கள், அவன் வராவிட்டால் நீங்கள் மட்டுமாவது. வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். அவசரமென்றால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. குரல் கேட்கத் தொடங்கும் முன்னரே பலருக்கு நித்திரைதான் குழம்பும், அதில் பிடித்துவிட்டால் வார்டுக்குப் போகாமலே சமாளிக்கலாம். அப்புறம், ஏன் நிறுத்தினாய் என்று ஏசாமல், குளிசை உனக்கு என்ன செய்தது என்று கேளுங்கள். உடம்பு வைத்திருக்கும், பகலெல்லாம் நித்திரை வந்திருக்கும், கை நடுங்கியிருக்கும். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், 2 முதல் 4 கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

விசுவமடு அண்ணா:
எனக்கே இந்த வருத்தம் தங்கச்சி. மூன்று தடவை வார்டில் இருந்தேன், இப்போது ஆறு வருசமாக இல்லை. நான் தெளிவாக இருந்த நேரம் சிஸ்டர் ஒரு கொப்பித் தாளில் என்னையே எழுத வைத்தா: வருத்தம் வர முதல் எனக்கு என்ன நடக்கும், அப்போது யார் சொன்னால் கேட்பேன். எனக்கு ரேடியோ என்னைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும், குளிக்க மாட்டேன். மனிசி அந்தத் தாளை அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறா. "குளிச்சீங்களோ" என்று அவ கேட்கும்போது கோபம் வரும், ஆனால் தாளில் இருப்பது என் கையெழுத்து, மறுக்க ஏலாது. தம்பி நல்லானதும் இதைச் செய்யுங்கள். விசர் என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம்.

மல்லாவிப் பிள்ளை:
இரவு கேட்டேன் அண்ணா. சாக்குத் தைக்கிற ஊசியைப் பிடிக்க ஏலாமல் கை நடுங்கினதாம், கூட வேலை செய்கிற பெடியள் பார்த்துவிட்டார்களாம். ஒருவரிடமும் சொல்லவில்லை. காலையில் நான் தனியாகப் போய்ச் சொன்னேன், பின்னேரம் சிஸ்டர் வீட்டுக்கு வருகிறா.