மதுரை வெயிலில் வெளியே போய் என்னதான் செய்வது?

சிறுவாணி_தாகம்

கோயம்புத்தூரில் இருந்து மாற்றலாகி மதுரைக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. ஊரைக் குறை சொல்ல வரவில்லை, சாப்பாட்டில் இந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பையனை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் ஏதாவது ஒரு மாலில் போய் ஏசியில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். ஆடியில் வந்தபோது "இது காத்துக்காலம், வெயில் தெரியாது" என்றார்கள், காற்று அடித்தது உண்மை, அடுப்பை ஊதுகிற மாதிரி அடித்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியும் தையும் மனுஷன் நடமாடுகிற மாதிரி இருந்தன. மாசி பாதியிலேயே பழையபடி ஆரம்பித்து, இப்போது சித்திரை, 40, 41 என்று போகிறது. வெளியே சுற்றி அனுபவிக்கிற ஊர் இது இல்லை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் இடத்தின் பேரோடு மறுக்கவும். "அழகர்கோவில் போங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். போனோம், மதியம் 12 மணிக்கு. பையன் கையில் இருந்த பாப்கார்னைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

குளத்துமேட்டான்

மதியம் 12 மணிக்கு அழகர்மலைக்குப் போனவருக்கு ஊரைப் பற்றித் தீர்ப்பு சொல்ல உரிமை இல்லை அண்ணே. அந்த நேரத்தில் குரங்கே நிழலில்தான் இருக்கும், உங்கள் பாப்கார்னுக்காக வெளியே வந்திருக்கிறது.

பேரோடு கேட்டீர்கள், சொல்கிறேன். கீழக்குயில்குடி சமணர் மலை. பெரியார் பேருந்து நிலையத்தில் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். விடியற்காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருங்கள். தாமரைக்குளம், பக்கத்தில் கருப்பணசாமி கோயில், பெரிய ஆலமரம். பாறையில் வெட்டிய படியில் ஏறினால் பேச்சிப்பள்ளம், வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து, எல்லாம் ஆயிரம் வருடத்துக்கு மேலான வேலை. வெறும் காலோடு ஏறிப் பாருங்கள், பாறை சில்லென்று இருக்கும். அதே பாறை ஒன்பது மணிக்குத் தோசைக்கல். ராத்திரி முழுக்க ஆறுகிற பாறை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆறியிருக்காது, அதனால் மாலையில் வெயில் இறங்கிவிட்டது என்று நம்பி ஏறாதீர்கள், அடியில் இருந்து அடிக்கும். மலை என்றால் காலை. குளம், வீதி என்றால் மாலை. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல்தான் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் புலம்புகிறார்கள்.

மூன்றாம்_ஷிப்ட்

வந்துவிட்டார்கள் விடியற்காலை சங்கத்தார். நான் மில்லை விட்டு வெளியே வருவதே காலை எட்டு மணிக்கு. என் வீட்டுக்கு எதிரில் இருப்பவர் ராத்திரி ஒரு மணி வரை புரோட்டாக் கடையில் நிற்கிறார். இந்த ஊர் பாதி ராத்திரியில்தான் பிழைக்கிறது, தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்தத் தூங்காதவர்கள் ஐந்தரைக்குத் தாமரை பார்க்க எப்படி வருவார்கள்? "சீக்கிரம் எழுந்திரு" என்பது பதில் இல்லை சார். ஒரு ஊரில் பகல் பத்து மணிக்கு ஒரு கிலோமீட்டர் நிழலில் நடக்க முடிகிறதா என்று கேளுங்கள். சுற்றியுள்ள சாலைகளில் புளியமரங்கள் இரண்டு பக்கமும் கை கோத்து நின்றன, நான்குவழிச் சாலை போட்டபோது வரிசையாகச் சாய்த்தார்கள். 2023ல் நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டருக்குப் பாலம் திறந்தார்கள். மேலே ஒரு இலை நிழல் கிடையாது. சிறுவாணிக்காரர் சொல்வது சரிதான், காரணம்தான் வெயில் இல்லை.

சிறுவாணி_தாகம்

பாருங்கள், உள்ளூர்க்காரரே என் பக்கம்.

மூன்றாம்_ஷிப்ட்

உங்கள் பக்கம் எல்லாம் இல்லை. மாலில் போய் உட்காருகிறவர் பக்கம் நான் நிற்க மாட்டேன்.

செல்லூர்க்காரி

குளத்துமேட்டான் அண்ணன் சொல்வதை ஆண்கள் செய்யலாம். நான் ஐந்து மணி இருட்டில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கீழக்குயில்குடி போக முடியுமா? போனேன் ஒரு தடவை. கிளைச்சாலையில் ஏழெட்டு நாய் துரத்தியது, ஹாரன் அடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். மேலே உட்கார்ந்து ஒரு மணி நேரம் நிம்மதியாகக் காற்று வாங்கலாம் என்றால் கீழே குடித்துவிட்டுப் போட்ட பாட்டில் துண்டுகள். கழிப்பறைக்கு எங்கே போவது என்று எந்த ஆம்பிளையும் எழுத மாட்டார், ஏனென்றால் அவருக்கு அது கேள்வியே இல்லை. இப்போது நாங்கள் ஆறு பேர் சேர்ந்துதான் போகிறோம், அதனால் மாதத்துக்கு ஒரு முறைதான் முடிகிறது.

ஆனால் இது வெளியே போகிற ஊர் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சித்திரையில் அழகர் வரும்போது பாருங்கள். வருடத்திலேயே மோசமான வெயிலில் லட்சக்கணக்கான பேர் தெருவில் நிற்கிறார்கள். தோல் பைத் துருத்தியில் தண்ணீரை நிரப்பி அழகர் மேல் பீய்ச்சுகிறார்கள், பாதி நம் மேல் விழும். வழி நெடுக நீர்மோர், பானகம். வெயிலில் நாள் முழுக்க நிற்பது எப்படி என்று இந்த ஊருக்குத் தெரியும். தண்ணீர், மோர், பந்தல், துணைக்கு ஆள். அந்த நாலும் மற்ற நாளில் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

குளத்துமேட்டான்

அக்கா சொன்னது நியாயம், நாய் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் பசுமை நடை கூட்டத்தைத் தேடுங்கள், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ஆரம்பித்தது. ஞாயிறு காலை குடும்பம் குடும்பமாகச் சமண மலைகளுக்குக் கூட்டிப்போய்க் கல்வெட்டு பற்றிச் சொல்வார்கள். நான் போன நடையில் முடித்ததும் மரத்தடியில் இட்லி கொடுத்தார்கள். பாதிப் பேர் இட்லிக்குத்தான் வந்தோம் என்பது வேறு கதை.

ஒத்தக்கடை_ஓரம்

எல்லோரும் மலை மலை என்று ஏற்றிவிடாதீர்கள். மூன்று வருடம் முன்னால் பங்குனியில் என் மைத்துனரோடு யானைமலைக்குப் போனேன். நரசிங்கம் குடைவரைக் கோயிலைப் பார்த்துவிட்டு (770ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது, தவற விடாதீர்கள்) கிளம்பி ஏற ஆரம்பித்தபோதே ஒன்பதேகால். "அரை மணி நேரத்து வேலை" என்றார். பத்தரைக்குத் திரும்பி இறங்கும்போது அவருடைய ஷூவின் அடிப்பாகம் கம் விட்டு, நாய் நாக்கு மாதிரித் தொங்குகிறது. அதைப் பார்த்து இருவரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பதை நிறுத்தினார், பேசுவது குழறியது, தொட்டால் தோல் கொதிக்கிறது, வியர்வையே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே ஒரு லிட்டர் பாட்டில், அதுவும் தீர்ந்துவிட்டது. ஒரு பாறை இடுக்கு நிழலில் படுக்கவைத்து என் துண்டால் விசிறினேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு வந்து, தன்னுடைய தூக்கில் இருந்த தண்ணீரை அவர் தலையிலும் கழுத்திலும் ஊற்றி, "இந்நேரத்துக்கு யாருப்பா மேல வருவா" என்று திட்டினார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்தோம், பிழைத்தார்.

வியர்ப்பது நின்று பேச்சு குழறினால் அது களைப்பு இல்லை, வெயில் மூளைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே வண்டிக்கு ஆள் அனுப்புங்கள். காட்டுப் பக்கம் போகிறவர்களுக்குக் தேனிப் பக்கம் குரங்கணி ஞாபகம் இருக்கட்டும், 2018 மார்ச் மாதம், மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் செத்தார்கள். மாசி, பங்குனியில் காய்ந்த புல் மலைக்கு அனுமதி இல்லாமல் போகவே கூடாது.

சிறுவாணி_தாகம்

இதைத்தானே நானும் சொல்கிறேன்! எட்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு இந்த ஆட்டமெல்லாம் ஆட முடியுமா? கோயம்புத்தூரில் சாயங்காலம் நாலு மணிக்குப் பாலக்காட்டுக் காற்று வரும், வாலாங்குளத்தைச் சுற்றிவிட்டு வருவோம். திட்டமே தேவையில்லை. இங்கே ஒரு நடை போவதற்குக் கல்யாண ஏற்பாடு மாதிரி செய்யவேண்டியிருக்கிறது.

செல்லூர்க்காரி

ஆமாம், திட்டம் வேண்டும்தான். மழை ஊர்க்காரர் குடை எடுத்துப் போவதில்லையா?

பையனுக்கு மலை வேண்டாம். சாயங்காலம் ஆறரைக்கு மேல் தெப்பக்குளம் கூட்டிப்போங்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், பல வருடம் காய்ந்து கிடந்து பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள், இப்போது வைகையில் இருந்து தண்ணீர் விடுவதால் நடு மண்டபம் வரை நிரம்புகிறது. தண்ணீர் இருக்கிற நாளில் அந்தக் கரையில் காற்றே வேறு. அப்புறம் ராத்திரி ஒன்பதரைக்குச் சித்திரை வீதி. வண்டி விடமாட்டார்கள், அதனால் பையன் கையை விட்டுவிட்டு நடக்கலாம், ஊரில் அப்படி நடக்க வேறு இடம் எனக்குத் தெரியாது. பகலில் அந்தக் கல்லில் வெளியூர்க்காரர்கள் குதித்துக் குதித்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரியில் இளஞ்சூடாக இருக்கும், எங்கள் அம்மா முட்டிவலிக்கு ஒத்தடம் என்று அங்கேதான் உட்காருவார்.

மூன்றாம்_ஷிப்ட்

இது எனக்கும் ஒத்துவருகிற நேரம். ஆனால் கோயில் வீதியும் தெப்பக்குளமும் ராஜா காலத்துச் சொத்து. நம் காலத்தில் என்ன செய்தோம்? வண்டியூர் கண்மாய்க் கரையில் நடைபாதை போட்டதைச் சொல்வீர்கள். நட்ட கன்று நிழல் தர இன்னும் எத்தனை வருடம் ஆகும்?

குளத்துமேட்டான்

சரி, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைச் சொல்கிறேன், அது நம் காலத்துக் கதைதான். 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். மலை, ஏரி, சுனை, குடைவரைக் கோயில், வல்லூறு வகைப் பறவைகள். 2024 கடைசியில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர்க்காரர்கள் மதுரை வரை பேரணியாக வந்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. நீங்களும் நானும் ஞாயிறு காலையில் பைனாகுலரோடு போய் நிற்க ஒரு இடம் மிச்சம் இருக்கிறது என்றால், அந்த விவசாயச் சம்சாரிகள் போராடியதால்தான்.

மூன்றாம்_ஷிப்ட்

அதை மறுக்கவில்லை. போராடியவர்களும் நிழல் வேண்டும் என்று பேரணி வரவில்லை, மண் போய்விடக்கூடாது என்று வந்தார்கள். நீங்கள் பைனாகுலரைத் துடைத்து வையுங்கள்.

சிறுவாணி_தாகம்

திங்கட்கிழமை எழுதுகிறேன். நேற்று சமணர் மலைக்குப் போனோம். ஐந்தரைக்கு இல்லை, பையனை எழுப்பிக் கிளப்ப ஆறே கால் ஆகிவிட்டது. செல்லூர்க்காரி அக்கா சொன்ன நாய்கள் அதே இடத்தில் இருக்கின்றன, எண்ணிக்கை கூடியிருக்கிறது. பையன் பேச்சிப்பள்ளத்தில் உட்கார்ந்து சிற்பங்களை எண்ணினான், இரண்டு தடவை எண்ணி இரண்டு கணக்கு வந்தது. ஏழரைக்கே பாறை சுட ஆரம்பித்தது, இறங்கிவிட்டோம். கண்ணாடித் துண்டுகளை ஒரு பையில் பொறுக்கிக் கொண்டுவந்தோம், அரைப் பை வந்தது.

என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒன்றேகால் மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு ஊரை வெளியே சுற்றுகிற ஊர் என்று சொல்லமுடியாது. அடுத்த வாரம் எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டுமாம், பையன் அலாரம் வைக்கச் சொல்கிறான். திரும்பும் வழியில் நாகமலைப் பக்கம் நல்ல இட்லிக் கடை எது?

ஒத்தக்கடை_ஓரம்

தண்ணீர் எத்தனை லிட்டர் எடுத்துப் போனீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்.