மாதச் சந்தாப் பொருளின் பக்கம் லண்டனில் மட்டும் 404 காட்டுகிறது: உதவி தேவை

தூள்கடை
வணக்கம். ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக் கறித்தூள், ஒடியல் மா, குரக்கன் மா விற்கும் சிறிய இணையக் கடை நடத்துகிறேன். கடை, இணையக் கடைகளுக்கான தளமான ஷாப்பிஃபையில் இருக்கிறது. வறுத்த தூளை மட்டும் மாதச் சந்தாவாகத் தருகிறோம். தனியாக ஒரு பொதி வாங்க முடியாது.

அண்மையில் பிரித்தானியாவைத் தனிச் சந்தையாகச் சேர்த்தோம். கடை முகவரிக்குப் பின்னால் இஎன்-ஜிபி என்ற துணைப்பாதை வருகிறது, விலைகள் பவுண்டில் தெரிகின்றன. லண்டனில் இருப்பவர்கள் ஒடியல் மாவையும் குரக்கன் மாவையும் வாங்குகிறார்கள். சந்தாத் தூளைத் திறந்தால் மட்டும் "பக்கம் இல்லை, 404" என்று வருகிறது. அதே பக்கம் இங்கே எனக்குச் சிக்கலில்லாமல் திறக்கிறது. கூடவே "கார்ட்டில் சேர்க்க முடியவில்லை" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், அதில் 422 என்ற எண் இருக்கிறது. இரண்டும் ஒரே கோளாறா? கடையை வடிவமைத்துத் தந்தவர் இப்போது தொடர்பில் இல்லை. குறிமுறையைத் திறந்து பார்க்கத் தெரியும், எழுதத் தெரியாது.

ஈரோட்டுக்காரன்
அக்கா, எல்லா ஆப்களையும் நீக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப நிறுவிப் பாருங்கள். எங்கள் கடையில் அப்படித்தான் சரியானது. சந்தா ஆப்பிலிருந்து தொடங்குங்கள்.

வலைப்பின்னி
தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். சந்தா ஆப்பை நீக்கினால் அது உருவாக்கிய விற்பனைத் திட்டங்கள் 48 மணி நேரம் கழித்து அழிந்துவிடும். "மாதம் ஒரு முறை", "இரண்டு மாதத்துக்கு ஒரு முறை" என்று பொருளோடு இணைந்திருப்பவை அந்தத் திட்டங்கள்தான். திரும்ப நிறுவினாலும் பழையவை தாமாக வராது. சாதாரண ஆப்களுக்குப் பொருந்தும் வைத்தியம் சந்தா ஆப்புக்குப் பொருந்தாது.

முதலில் 404 யாருடையது என்று பார்க்க வேண்டும். பக்கமே கிடைக்கவில்லையா, பக்கம் கிடைத்து அதற்குள் ஓடும் ஏதோ ஒரு கோரிக்கை மட்டும் தோற்கிறதா? வாடிக்கையாளர் இரண்டையும் "எரர் வருகிறது" என்றுதான் சொல்வார். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

மறைநிலைச் சாளரத்தில் லண்டன் முகவரியை, இஎன்-ஜிபி துணைப்பாதையோடு, திறங்கள். எஃப் 12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். முதல் வரியே சிவப்பில் 404 என்றால் பக்கத்தையே சர்வர் மறுக்கிறது. முதல் வரி 200, அதாவது பக்கம் சரியாகக் கிடைத்தது, கீழே ஏதோ ஒன்று சிவப்பு என்றால் சிக்கல் பெரும்பாலும் தீமின், அதாவது கடையின் தோற்றத்தைத் தரும் வார்ப்புருவின், குறிமுறையில். மறைநிலைச் சாளரம் கட்டாயம். நீங்கள் கடைசியாகத் தேர்ந்த நாட்டை லோக்கலைசேஷன் என்ற குக்கீ நினைவில் வைத்திருக்கும். அது இருக்கும்வரை நீங்கள் பார்ப்பது கனடாக் கடையா லண்டன் கடையா என்பதே நிச்சயமில்லை.

தூள்கடை
பார்த்தேன் அண்ணா. முதல் வரியே 404. குரக்கன் மாவுக்கு 200 வருகிறது.

வலைப்பின்னி
நல்லது, பாதி வேலை முடிந்தது. மற்றப் பொருள்கள் அதே துணைப்பாதையில் திறப்பதால் துணைப்பாதை உயிரோடு இருக்கிறது. தீம் மீதும் சந்தேகம் வேண்டாம். இந்த ஒரு பொருள் மட்டும் பிரித்தானியச் சந்தைக்கு வெளியே நிற்கிறது.

ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு கேட்டலாக், அதாவது அங்கே விற்கும் பொருள்களின் பட்டியல், இருக்கலாம். அதில் சேர்க்கப்படாத பொருளை அந்த நாட்டுக்காரர் திறந்தால் "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று பண்பாகச் சொல்லும் பக்கம் வராது. அப்படி ஒரு பொருளே இல்லை என்பதுபோல் 404 வரும். பலரும் சறுக்குவது இங்கேதான். விலக்கி வைத்த பொருளும் இல்லாத பொருளும் வாசலில் ஒரே மாதிரித் தெரிகின்றன.

நிர்வாகப் பக்கத்தில் அந்தப் பொருளைத் திறந்து, அது வெளியாகியிருக்கும் இடங்களைப் பாருங்கள். ஆன்லைன் ஸ்டோர் என்ற விற்பனை வழியில் இருக்க வேண்டும், பிரித்தானியச் சந்தையின் கேட்டலாக்கிலும் இருக்க வேண்டும்.

மொழிக்கடைசி
இடையில் ஒன்று கேட்கிறேன். பொருளின் முகவரிப் பெயரை மொழிபெயர்த்தாலும் இப்படி வருமா? எங்கள் ஜெர்மன் பக்கத்தில் வந்தது.

வலைப்பின்னி
வரும். முகவரிப் பெயர் ஜெர்மனுக்கு மாறியபின் பழைய ஆங்கிலப் பெயரை யாராவது கையால் எழுதி வைத்திருந்தால் அந்த இணைப்பு உடையக்கூடும். மின்னஞ்சல் விளம்பரங்களையும் மெனு இணைப்புகளையும் பாருங்கள். தூள்கடையின் லண்டன் பக்கம் ஆங்கிலத்திலேயே இருப்பதால் இங்கே அது காரணமில்லை.

தூள்கடை
கேட்டலாக்கில் இல்லைதான்! சந்தாப் பொருள் எதுவும் அதில் இல்லை. வடிவமைத்தவர் வேண்டுமென்றே விட்டாரா, விடுபட்டுப் போனதா தெரியவில்லை. சேர்த்தேன், பக்கம் திறக்கிறது.

ஆனால் இப்போது புதிய கூத்து. பக்கம் திறந்தவுடன் 14.50 பவுண்டு என்று சரியாகக் காட்டுகிறது. "மாதம் ஒரு முறை" என்பதைத் தொட்டவுடன் 24.99 பவுண்டு என்று மாறுகிறது. 24.99 எங்கள் கனடா விலை, டாலரில்! லண்டன்காரர் இதைப் பார்த்தால் ஓடியே போய்விடுவார்.

வலைப்பின்னி
நாணயக் குறி லண்டனுடையது, எண் ரொறன்ரோவுடையது. இந்த அடையாளம் போதும். பக்கம் முதலில் வரும்போது விலையை சர்வரே எழுதி அனுப்புகிறது, அதனால் சரியாக இருக்கிறது. நீங்கள் திட்டத்தைத் தொட்டவுடன் தீமின் ஜாவாஸ்கிரிப்ட் பொருளின் விவரத்தை மறுபடி கேட்டு வாங்குகிறது. அப்படிக் கேட்கும்போது இஎன்-ஜிபியை விட்டுவிட்டு நேராக முதன்மைக் கடையிடம் கேட்கிறது. வந்த எண்ணுக்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் பவுண்டுக் குறியை ஒட்டிவிடுகிறது.

நீங்களே சோதிக்கலாம். பொருளின் முகவரிக்குக் கடைசியில் புள்ளி ஜேஎஸ் சேர்த்து உலாவியில் திறங்கள். வடிவமைப்பு ஏதுமில்லாமல் வெறும் தரவு வரும். துணைப்பாதையோடு ஒரு முறை, அது இல்லாமல் ஒரு முறை.

தூள்கடை
துணைப்பாதையோடு 1450, இல்லாமல் 2499. புள்ளியைக் காணவில்லையே?

வலைப்பின்னி
விலை பவுண்டின் சில்லறையான பென்ஸிலும் டாலரின் சில்லறையான சென்டிலும் வருகிறது, நூறால் வகுத்துக்கொள்ள வேண்டும். யென்னுக்குச் சில்லறை கிடையாது, ஆனாலும் அதுவும் நூறால் பெருக்கித்தான் வரும். 1000 யென் 100000 என்று நிற்கும். ஜப்பானுக்கு விற்கும் நாளில் இதை மறந்துவிடாதீர்கள்.

இனி திருத்தம். முதலில் தீமின் நகல் ஒன்றை எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். குறிமுறையில் மேற்கோள் குறிக்குள் சாய்கோட்டோடு தொடங்கும் "ப்ராடக்ட்ஸ்", "கார்ட்" ஆகியவற்றைத் தேடுங்கள். கையால் எழுதிய அந்த முதல் சாய்கோடுதான் வாடிக்கையாளரைக் கனடாவுக்கு இழுக்கிறது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் விண்டோ புள்ளி ஷாப்பிஃபை புள்ளி ரூட்ஸ் புள்ளி ரூட் என்ற மாறியை முன்னொட்டாக வையுங்கள். கனடாவில் அதன் மதிப்பு வெறும் சாய்கோடு, லண்டனில் துணைப்பாதையும் சேர்ந்த சாய்கோடு. இரண்டிலும் கடைசியில் சாய்கோடு இருப்பதால் நீங்கள் இன்னொன்று போட்டால் இரட்டையாகும்.

இன்னொன்றையும் பாருங்கள். சில தீம்கள் சந்தாத் தள்ளுபடியைத் தாமே கணக்கிட்டுக் காட்டும். அதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் இறுதி விலை தரவிலேயே இருக்கிறது, அதை எடுத்துக் காட்டினால் போதும்.

ஈரோட்டுக்காரன்
ஆப் விவரம் எனக்குத் தெரியாது, திருத்தியதற்கு நன்றி. அந்த 422 என்ன ஆனது?

வலைப்பின்னி
அதையே கேட்க வந்தேன். 404 என்றால் கேட்டது இல்லை. 422 என்றால் கேட்டது புரிந்தது, ஆனால் அப்படிச் செய்ய முடியாது. தூள்கடை, அந்த 422 எந்தப் பக்கத்தில் வருகிறது? பொருளின் பக்கத்திலா, பட்டியல் பக்கத்தில் படத்துக்குக் கீழே இருக்கும் "சேர்" பொத்தானிலா? கனடாவிலும் வருகிறதா?

தூள்கடை
பட்டியல் பக்கத்துப் பொத்தானில். கனடா முகவரியிலும் வருகிறது, இப்போதுதான் அழுத்திப் பார்த்தேன். விற்பனைத் திட்டத்தோடு மட்டுமே வாங்க முடியும் என்று பதிலில் எழுதியிருக்கிறது.

வலைப்பின்னி
அப்படியானால் இது நாட்டுப் பிரச்சினையே இல்லை. லண்டன்காரர்கள் பொருள் பக்கத்தைத் திறக்க முடியாமல் கனடா முகவரியின் பட்டியலிலிருந்து சேர்க்கப் பார்த்திருக்கலாம், அதனால் இரண்டு புகாரும் ஒன்றாக வந்திருக்கும். அந்தப் பொத்தான் பொருளின் எண்ணை மட்டும் அனுப்புகிறது, திட்டத்தின் எண்ணை அனுப்புவதில்லை. சந்தாவாக மட்டும் விற்கும் பொருளை அப்படி ஏற்க முடியாது.

பொருள் சந்தாவுக்கு மட்டும் உரியதா என்று சொல்லும் ஒரு பண்பு, ஷாப்பிஃபை தீம்கள் எழுதப்படும் மொழியான லிக்விடில் இருக்கிறது, பெயர் ரிக்வயர்ஸ் செல்லிங் பிளான். அது உண்மை என்று வந்தால் "சேர்" பொத்தானுக்குப் பதிலாகப் பொருள் பக்கத்துக்குப் போகும் இணைப்பைக் காட்டச் சொல்லுங்கள். முதல் திட்டத்தைத் தானாகச் சேர்த்துவிடும் குறிமுறையும் எழுதலாம், ஆனால் நான் எழுத மாட்டேன். மாதாமாதம் பணம் எடுக்கும் ஒன்றை வாடிக்கையாளர் கண்ணால் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும்.

வூகடைக்காரர்
வேர்ட்பிரஸில் ஓடும் கடை மென்பொருளான வூகாமர்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். எங்களுக்கு 404 வராது, ஒரு நாட்டு விலை இன்னொரு நாட்டில் தெரியும். தேக்ககம் (கேஷ்) முதலில் வந்தவருக்கான பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்குக் கொடுப்பதால் வரும் வினை. பொது அமைப்பில் வாடிக்கையாளரின் இருப்பிடம் என்ற இடத்தில், பக்கத் தேக்ககத்தோடு ஒத்துப்போகும் தெரிவை எடுங்கள். முகவரியின் கடைசியில் வி என்று ஒரு வால் முளைக்கும், அழகாக இருக்காது, ஆனால் விலை சரியாக இருக்கும்.

தூள்கடை
மூன்று இடங்களில் சாய்கோட்டை மாற்றினேன். விலை இப்போது 14.50 பவுண்டிலேயே நிற்கிறது. பொத்தானுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி உதவினார்.

கடைசியாக இரண்டு கேள்விகள். பிரித்தானியச் சந்தை திறப்பதற்கு முன்பே லண்டனிலிருந்து சிலர் கனடா டாலரில் சந்தா சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இனி பவுண்டில் கழியுமா? சென்னையில் இருந்தும் ஒருவர் சந்தா கேட்கிறார், கொடுக்கலாமா?

வலைப்பின்னி
பழையவர்களுக்குத் தானாக மாறாது. சேர்ந்தபோது இருந்த நாணயத்திலேயே ஒப்பந்தம் தொடரும். பவுண்டு வேண்டும் என்பவர்கள் பழைய சந்தாவை நிறுத்திவிட்டு லண்டன் பக்கத்தில் புதிதாகச் சேர வேண்டும். நிறுத்துவதற்கு முன் அடுத்த பொதி எந்தத் தேதியில் போகிறது என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் இரண்டு பொதி போகும். புதிதாகச் சேரும்போது அவர்களின் வங்கி கூடுதல் உறுதிப்படுத்தல் கேட்கலாம். பிரித்தானியாவில் இணையக் கட்டணங்களுக்கு 2022 மார்ச் 14 முதல் அந்த விதி முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. கடை பழுதாகிவிட்டது என்று அவர்கள் நினைக்காமல் இருக்க முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஈரோட்டுக்காரன்
சென்னைக் கேள்விக்கு நான் சொல்கிறேன் அக்கா. இந்திய அட்டையில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க, முதலில் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்போடு வாடிக்கையாளர் பதிவுசெய்ய வேண்டும். வெளிநாட்டுக் கடைகளுக்கும் ரிசர்வ் வங்கியின் இந்த விதி பொருந்தும், 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அவருக்கு அறிவிப்பும் போக வேண்டும். ஓடிபி இல்லாமல் எடுக்கும் வரம்பு முதலில் 2,000 ரூபாய், 2021 ஜனவரியில் 5,000 ரூபாயாகவும் 2022 ஜூனில் 15,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். உங்கள் தூளின் விலை அதற்குள்தான் வரும். உங்கள் கட்டணச் சேவை இந்திய அட்டைகளுக்கு அந்தப் பதிவைச் செய்கிறதா என்று கேட்டுவிட்டுத் திறங்கள். செய்யவில்லை என்றால் முதல் மாதமே கழியாமல் போகலாம், அல்லது முதல் மாதம் கழிந்து இரண்டாம் மாதம் தோற்கும். இரண்டாவது வகை வந்தால் காரணம் கண்டுபிடிப்பதே பெரிய பாடு.

தூள்கடை
சென்னைக்கு இப்போதைக்குத் தனிப் பொதியாகவே அனுப்புகிறேன். சந்தா இல்லாத தூளுக்குத் தனிப் பொருள் பக்கம் போட்டுவிட்டேன், கேட்டலாக்கிலும் சேர்த்துவிட்டேன். இருவருக்கும் மிக்க நன்றி.